எது தீட்டு?

பேசக் கூடாத பொருள் என்று ஊர் ஒதுக்கி வைத்த ஒன்றைப் பற்றி இன்று பேசப் போகிறோம். முகம் சுளிக்க வேண்டாம். மூக்கைப் பொத்திக் கொள்ளவும் வேண்டாம். மாளிகையில் வாழ்வோனும், மண்குடிசையில் வாடுவோனும், மடத்தின் தலைவரும், மாடு மேய்க்கும் சிறுவனும் நாள்தோறும் தவறாமல் செய்யும் செயல் அது. ஆண்டவன் அருளால் ஆளுகிறேன் என்று அறிவித்த அரசர்களும், அதற்காக அரியணையை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. உண்டதில் உடலுக்கு வேண்டியது தங்க, வேண்டாதது வெளியேறுவது, அதுதான் பொருள்.

நம் தமிழ் இலக்கணம் நாகரிகம் அறிந்தது. அவையில் சொல்லக் கூசும் சொல்லை மறைத்து, வேறொரு நல்ல சொல்லால் உணர்த்துவதற்கு இடக்கரடக்கல் என்று பெயரிட்டது. 'கால் கழுவி வந்தான்' என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த எடுத்துக்காட்டு. வெளிக்குப் போனான், கொல்லைக்குப் போனான், ஒன்றுக்குப் போனான், இரண்டுக்குப் போனான் என்று இன்றளவும் நாம் அடக்கித்தான் பேசுகிறோம். அதில் தவறில்லை, சொல்லை அடக்குவது பண்பு. ஆனால், அந்தச் சொல் குறிக்கும் பொருளை அள்ளிச் சுமந்த மனிதனையும் சேர்த்து அடக்கினோமே, அது எந்த இலக்கணத்தில் சேர்ந்தது? சொல்லை அடக்கியது இலக்கணம். ஆளை அடக்கியது சாதி. முன்னது நாவின் நாகரிகம். பின்னது நாட்டின் நோய்.

கேள்வி இதுதான்: தீட்டு எங்கே இருக்கிறது? கழிவில் இருக்கிறதா? கழிக்கும் உடலில் இருக்கிறதா? கழிவை அகற்றும் கையில் இருக்கிறதா? அல்லது இவை எதிலும் இல்லாமல், பார்ப்பவனின் உள்ளத்தில் இருக்கிறதா? அருவருப்பான கேள்வி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இதற்குத் தவறான விடை தந்த காரணத்தால், தலைமுறை தலைமுறையாக ஒரு மக்கள் கூட்டம் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டது. இன்றும் அந்தத் தவறான விடைக்காகவே, சாக்கடைக் குழிக்குள் இறங்கி மூச்சடைத்துச் சாகிறான் ஒருவன். ஆகவே இது அறத்தின் கேள்வி, உயிரின் கேள்வி.

வைதீகம் வைத்திருக்கும் விடை பழையது. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உள்ள புருஷ சூக்தம், பெரும் புருஷன் ஒருவனின் உடலைக் காட்டி, அவன் வாய் பார்ப்பனன் ஆயிற்று, தோள் அரசன் ஆயிற்று, தொடை வைசியன் ஆயிற்று, கால்களிலிருந்து சூத்திரன் பிறந்தான் என்கிறது. மனுநூல் அந்த உடலின் மேல் ஒரு கோடும் கிழிக்கிறது. கொப்பூழுக்கு மேலே தூய்மை மிகுதி. கீழே உள்ள துளைகள் தூய்மையற்றவை. எல்லாவற்றிலும் தூய்மையானது வாய். வாயில் பிறந்தவனே படைப்புக்கெல்லாம் தலைவன். இது மனுவின் கணக்கு. அந்த உடலில், சூத்திரனுக்கும் கீழாகத் தள்ளப்பட்டவனுக்குக் கால் நகத்தில்கூட இடமில்லை. ஊருக்கு வெளியே சேரி. உடலுக்கும் வெளியே அவன்!

நன்று. உடலை உவமை காட்டியவர்கள் அவர்கள். வழக்கு உடலைப் பற்றியது என்றால், உடலையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம். சூக்தம் பாடிய கற்பனை உடலை அல்ல. அறுவை மருத்துவரின் கத்தியும் ஆய்வாளரின் நுண்ணோக்கியும் கண்டறிந்த மெய்யான உடலை. அது என்ன சொல்கிறது என்று கேட்போம்.

வாயில் இட்ட சோறு, இரைப்பையில் கூழாகி, ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலுக்குள் நுழைகிறது. கணையம் சுரக்கும் நீரும், கல்லீரல் சுரக்கும் பித்தநீரும் அங்கே வந்து சேர்கின்றன. மாவுப்பொருள் சர்க்கரையாகிறது, புரதம் அமினோ அமிலங்களாகிறது, கொழுப்பு நுண்துளிகளாகப் பிரிகிறது. குடலின் உட்சுவரில் நெருங்கி நிற்கும் நுண்விரல்கள் அவற்றை உறிஞ்சிக் கொள்கின்றன. எஞ்சியது, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே நீர் உறிஞ்சப்பட்டு, மிச்சம் இறுகுகிறது. வெளியேறும் மலத்தில் முக்கால் பங்கு நீர். மற்றது செரிக்காத நார், சிறிது கொழுப்பு, கோடி கோடியான நுண்ணுயிர்கள். இந்தப் பட்டியலில் பாவம் என்று ஒரு பொருள் இல்லை. முற்பிறவியின் வினை என்று ஒரு பொருளும் இல்லை.

சரி, அதன் நிறம் எங்கிருந்து வந்தது? இதைக் கேட்டால் குலப்பெருமை பேசுவோர் கொஞ்சம் திகைப்பார்கள். நம் குருதியில் ஓடும் சிவப்பணு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 நாள் உழைத்து மடிகிறது. நொடிக்கு 20 இலட்சத்துக்கு மேற்பட்ட சிவப்பணுக்கள் மடிய, அதே அளவில் புதியவை பிறக்கின்றன. மடிந்த அணுவின் செந்நிறப் பொருள் சிதைந்து, கல்லீரல் வழியாகப் பித்தநீரில் கலந்து, குடலை அடைகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதை மாற்றுகின்றன. அந்த மாற்றமே மலத்துக்குப் பழுப்பு நிறத்தையும், சிறுநீருக்கு மஞ்சள் நிறத்தையும் தருகிறது. எந்தக் குருதியைக் காட்டி, எங்கள் வழிவழி வந்த தூய இரத்தம் என்று மார்தட்டுகிறார்களோ, அந்த இரத்தம் நாள்தோறும் இப்படித்தான் விடைபெறுகிறது. எந்தச் சாதியின் குருதிக்கும் இதில் விலக்கில்லை.

இனிச் சிறுநீரகத்தைக் கேட்போம். முதுகுப்புறத்தில், விலா எலும்புகளின் அடியில், முதுகெலும்பின் இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உறுப்புகள். ஒவ்வொன்றும் ஒருவன் கைப்பிடி அளவு. ஏறத்தாழ 150 கிராம் எடை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஏறத்தாழ 10 இலட்சம் வடிகட்டிகள். புரதம் செலவாகும்போது உடலில் அம்மோனியா தோன்றுகிறது, அது நஞ்சு. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றுகிறது. அந்த யூரியாவையும், மிகுதியான உப்பையும் நீரையும் சிறுநீரகம் பிரித்தெடுக்கிறது. நாளொன்றுக்கு அது வடிக்கும் நீர் ஏறத்தாழ 180 லிட்டர். அதில் 99 விழுக்காட்டை உடலுக்கே திருப்பித் தந்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியே அனுப்புகிறது. வேண்டியது எது, வேண்டாதது எது என்று கணந்தோறும் ஆய்ந்து தேறும் இந்த ஆற்றலைக் காணும்போது, கழிவை அகற்றுவது அறிவற்ற வேலை என்று எவன் சொல்வான்?

யூரியாவைப் பற்றி ஒரு செய்தி. உயிருள்ள உடலில் மட்டுமே தோன்றும் பொருள் என்று ஒரு காலத்தில் அதை எண்ணியிருந்தார்கள். 1828-இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் பிரீட்ரிக் வோலர், சிறுநீரகமும் இல்லாமல் உயிரும் இல்லாமல், ஆய்வுக்கூடத்திலேயே அதை ஆக்கிக் காட்டினார். இன்று ஆலைகளில் அது மலை மலையாக உற்பத்தியாகிறது. மூட்டையில் வந்தால் உரம், வயலில் தூவுகிறோம், அந்த வயலில் விளைந்த நெல்லைக் குத்திப் பொங்கி ஆண்டவனுக்குப் படைக்கிறோம். மூட்டையைத் தொட்டவன் தலைமுழுக வேண்டும் என்று எந்தச் சாத்திரியும் சொன்னதில்லை. பொருள் ஒன்றே. ஓரிடத்தில் உரம், ஓரிடத்தில் தீட்டு என்றால், தீட்டு பொருளில் இல்லை என்பது விளங்கவில்லையா?

மனு கிழித்த கொப்பூழ்க் கோட்டையும் பார்த்துவிடுவோம். சிறுநீரகம் இருப்பது கொப்பூழுக்கு மேலே! தூய்மை மிகுந்தது என்று மனு தேர்ந்தெடுத்த பகுதியில் அமர்ந்துதான் அது சிறுநீரை வடிக்கிறது. எல்லாவற்றிலும் தூய்மையானது என்று போற்றப்பட்ட வாயோ, நூற்றுக்கணக்கான வகை நுண்ணுயிர்கள் குடியிருக்கும் இடம். நலமுள்ள ஒருவனின் சிறுநீர்ப்பையில் இருப்பதைக் காட்டிலும் அவன் வாயில் இருக்கும் நுண்ணுயிர்கள் மிகப் பல. மந்திரம் சொல்லும் வாயாயினும் சரி, மாடு ஓட்டும் வாயாயினும் சரி, நுண்ணோக்கியின் முன் இரண்டும் ஒன்றே. சாத்திரம் வரைந்த கோட்டை உடல் மதிக்கவில்லை; நாம் மட்டும் ஏன் மதிக்க வேண்டும்?

இன்னும் கேளுங்கள். இதயம், ஓய்ந்திருக்கும் நேரத்தில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை அனுப்புகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. எடையில் உடலின் இருநூறில் ஒரு பங்குகூட இல்லாத உறுப்புகளுக்கு, குருதியில் ஐந்தில் ஒரு பங்கு! தூய்மை செய்யும் உறுப்புக்கு முதல் பந்தியில் இலை போடுகிறது உடல். தூய்மை செய்யும் மனிதனுக்கு மிச்சச் சோற்றை எட்ட நின்று எறிந்தது நம் ஊர். உடலைக் காட்டிச் சாதியை நியாயப்படுத்தியவர்கள், உடலின் இந்த நீதியை மட்டும் காணாமற்போனது ஏன்? கண் இல்லாமலா? கருணை இல்லாமல்.

சிறுநீரகம் செயலிழந்தால் என்ன ஆகிறது? நஞ்சு குருதியில் தேங்குகிறது, உணவு கசக்கிறது, மூச்சு இரைக்கிறது, முற்றினால் மூளை மயங்குகிறது. ஆணையிடும் தலை, தன் பெயரையே மறந்து பிதற்றுகிறது. தலை உயர்ந்தது, மற்றவை தாழ்ந்தவை என்ற கதை அந்தப் படுக்கையில் முடிந்து போகிறது. 1943-இல் நெதர்லாந்து நாட்டில், போர்க்காலத்தின் இடுக்கணுக்கு நடுவே, வில்லெம் கோல்ப் என்னும் மருத்துவர் குருதியைத் தூய்மை செய்யும் எந்திரத்தை உருவாக்கினார். 1954-இல் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரேயும் அவர் குழுவினரும் ஒருவரின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைப் பிறவிக்குப் பொருத்தி வெற்றி கண்டனர். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை முறையாகப் பெற்றுப் பொருத்தும் திட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் நடந்து வருகிறது. அறுவைக் கூடத்தில் கேட்கப்படும் கேள்வி, குருதிப் பிரிவு ஒத்துவருகிறதா, திசு ஒத்துவருகிறதா என்பதே. கோத்திரம் ஒத்துவருகிறதா என்று கேட்டால், நோயாளி பிழைக்க மாட்டான். சாவின் வாயிலில் நிற்பவன், எவருடைய சிறுநீரகமாயினும் தாருங்கள் என்று கைகூப்புகிறான். பிழைத்து எழுந்து வீடு திரும்பியதும், எவருடைய கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்று அவன் கணக்குப் பார்த்தால், அவனைப் பார்த்து உள்ளிருக்கும் சிறுநீரகம் சிரிக்காதா?

உடல் தரும் இன்னொரு சாட்சியும் உண்டு. மலம், சிறுநீர் இரண்டுக்கும் வெளிவாயிலில் இரண்டு தசைக் காவல்கள் உள்ளன. உட்காவல் தானே இயங்குவது. நம் ஆணையைக் கேளாது. வெளிக்காவல் நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. குழந்தை இரண்டு, மூன்று வயதில் அதை ஆளக் கற்றுக் கொள்கிறது. மனிதன் முதன்முதலில் பெறும் தன்னாட்சி அதுதான் என்று சொல்லலாம். அந்தத் தன்னாட்சி, தேவைப்படும்போது சிறிது நேரம் பொறுப்பதற்காக அமைந்தது. கழிப்பறை இல்லாத வீட்டுப் பெண்ணை, பொழுது சாயும் வரை, ஊர் அடங்கும் வரை காத்திருக்க வைப்பதற்காக அமைந்ததன்று. தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்க அஞ்சி, அடக்கி அடக்கி நோயைத் தேடிக்கொண்ட தாய்மார் எத்தனை பேர்! கற்புக்குக் காவியம் பாடிய நாடு, கதவுள்ள ஓர் அறையைக் கட்டித் தர எத்தனை நூற்றாண்டு எடுத்துக் கொண்டது!

உடலின் சாட்சியம் முடிந்தது. அதில் எங்கும் தீட்டு இல்லை. ஒருவர் எழுந்து கேட்கலாம்: "அப்படியானால் மலமும் சந்தனமும் ஒன்றா? நாற்றம் உண்மையில்லையா? அருவருப்பு இயற்கை அல்லவா?" நேர்மையான கேள்வி; நேர்மையாகவே விடை சொல்ல வேண்டும். நாற்றம் உண்மை. அருவருப்பும் இயற்கை. மலம் கலந்த நீரால் வாந்திபேதி பரவுகிறது. 1854-இல் இலண்டன் நகரின் பிராட் தெருவில், ஒரே ஒரு குடிநீர்க் குழாயிலிருந்து அந்த நோய் பரவியதை ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் கண்டு காட்டினார். ஆகவே கழிவைக் கண்டு விலகு, கையைக் கழுவு, நீரைக் காத்திடு என்பது அறிவு. நாம் மறுப்பது அழுக்கை அல்ல, தீட்டை.

இரண்டும் ஒன்று என்று எண்ண வைத்ததில்தான் சூழ்ச்சி இருக்கிறது. அழுக்கு என்பது பொருளில் ஒட்டுவது. தீட்டு என்பது பிறப்பில் ஒட்டப்படுவது. அழுக்குச் சோப்புக்குப் போகும். தீட்டு எந்தச் சோப்புக்கும் போகாது. அழுக்கு எவன் கையில் பட்டாலும் அழுக்கே. தீட்டோ ஆளைப் பார்த்து ஒட்டும், ஆளைப் பார்த்து விலகும். அழுக்கு அப்பன் கையிலிருந்தால் அப்பன் கையோடு நிற்கும். தீட்டு, அந்த அப்பனுக்குப் பிறந்து, அந்த வேலையைக் கண்ணாலும் காணாத, பள்ளிக்கூடத்தில் பாடம் படிக்கும் மகன் மேலும் ஏறும். கழுவினாலும் போகாத ஒன்று, தொடாதவன் மேலும் ஒட்டும் ஒன்று, எப்படி அழுக்காக இருக்க முடியும்? அது பொய். பொய்க்குத்தான் தண்ணீர் போதாது.

மெய்ப்பிக்க வேண்டுமா? மருத்துவமனைக்கு வாருங்கள். ஆய்வுக்கூடத்தில் மலத்தையும் சிறுநீரையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார் ஒருவர். அவரை வணங்கி முடிவைக் கேட்கிறோம். குடலை அறுத்துக் கை நனைத்துத் தைக்கிறார் மருத்துவர். கடவுளே நேரில் வந்தது போல் என்கிறோம். வீட்டிலே குழந்தைக்குக் கால் கழுவி விடுகிறாள் தாய். அந்தக் கையால் பிசைந்த சோற்றை அமுதம் என்கிறோம். இவர்கள் யாரும் தீண்டத்தகாதவர் ஆகவில்லை. அதே பொருளைத் தெருவில் அகற்றுகிறவன் மட்டும் தீண்டத்தகாதவன் ஆனான். வேறுபாடு பொருளில் இல்லை, செயலில் இல்லை, கையில் இல்லை. எதில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

இங்கே நல்லெண்ணம் கொண்ட சிலர் குறுக்கிடுவர். "சிறுநீரகம் உடலுக்கு எப்படியோ, அப்படியே துப்புரவுத் தொழிலாளி சமுதாயத்துக்கு. ஆகவே அவரைப் போற்றுவோம், மாலை சூட்டுவோம், தாய் என்போம், தெய்வம் என்போம்" என்பர். இனிக்கும் பேச்சு, எனினும், இதற்குள்ளும் பழைய சூக்தம் பதுங்கியிருக்கிறது. சிறுநீரகம் சிறுநீரகமாகவே பிறக்கிறது. கண்ணாக வேண்டும் என்று அதற்குக் கனவில்லை. மனிதன் அப்படியா? அவன் உறுப்பு அல்லன், முழு உடல். அவனுக்கும் தலை உண்டு, தோள் உண்டு, கனவு உண்டு. அவன் மகள் மருத்துவராகலாம். மகன் மாவட்ட ஆட்சியராகலாம். உடலின் நீதியை நாம் சாட்சிக்கு அழைத்தது, உவமையை உடைப்பதற்காக. புது உவமைக்குள் அவனைப் பூட்டுவதற்காக அல்ல.

இந்த வழக்கு புதியதன்று. காந்தியார் கழிப்பறையைத் தம் கையாலேயே தூய்மை செய்தவர். அந்தப் பெருந்தன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால், 1936-இல் தம் ஹரிஜன் இதழில், துப்புரவுத் தொழிலாளி எப்படிச் சிறந்த துப்புரவுத் தொழிலாளியாக விளங்க வேண்டும் என்று அவர் எழுதினார். 1945-இல் வெளியிட்ட நூலில் அண்ணல் அம்பேத்கர் அதைப் பிளந்து காட்டினார். இந்த நாட்டில் ஒருவன் செய்யும் வேலையால் தோட்டி ஆவதில்லை. அந்த வேலையைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், பிறப்பால் தோட்டி ஆக்கப்படுகிறான் என்பது அவர் வாதம். விலங்குக்குப் பொன்முலாம் பூசுவதைக் காட்டிலும் விலங்கை அறுப்பதே அறம் என்பதை, அந்த விலங்கை அறிந்தவர் சொன்னார். 2019-இல் கும்பமேளாவில் தலைமை அமைச்சரே தூய்மைப் பணியாளர் சிலரின் கால்களைக் கழுவினார். கழுவியதில் நாம் குறை காணவில்லை. மறுநாள் அந்தக் கால்கள் எங்கே இறங்க வேண்டியிருந்தது என்பதே நம் கேள்வி.

அவை எங்கே இறங்குகின்றன என்று சற்று எட்டிப் பார்ப்போம். மூடிக் கிடக்கும் கழிவுநீர்த் தொட்டிக்குள், காற்றில்லாத இருட்டில், கழிவு அழுகி ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வளி பிறக்கிறது. காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசி எச்சரிக்கும். அளவு கூடினால், முதலில் மோப்ப உணர்வையே கொன்றுவிடும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணி இறங்குகிறவன், இரண்டொரு மூச்சில் சாய்கிறான். அவனைத் தூக்க இறங்கிய தம்பியும் சாய்கிறான். தம்பியைத் தேடி இறங்கிய தோழனும் சாய்கிறான். மேலே நிற்கிறவர்கள் கயிறு தேடுகிறார்கள். மறுநாள் நாளேட்டில் நான்கு வரிச் செய்தி. இப்படிச் சாகிறவர்களின் பிறப்பைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்.

சட்டம் இல்லையா? உண்டு. தீண்டாமை ஒழிந்தது என்று 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 17-ஆவது பிரிவு சொல்கிறது. மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. உலர் கழிப்பறை முதல் கழிவுநீர்க் குழி வரை அந்தத் தடையை விரித்து, மறுவாழ்வுக்கும் வழி சொன்னது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். குழியில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. சாவுக்கான தொகை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை. ஏன்? சட்டம் ஏட்டில் இருக்கிறது. தீட்டு மூளையில் இருக்கிறது. குழி அடைத்துக் கொண்டால், எந்திரத்தை அழைக்கலாம் என்று தோன்றுவதற்கு முன்னால், இன்ன சேரிக்கு ஆள் அனுப்பு என்று தோன்றுகிறதே, அந்த மூளைக்குள்!

வேறு வழி இல்லை என்பார் சிலர். வழி இருந்தது, இருக்கிறது. 4000 ஆண்டுகளுக்கு முன்பே, மொகஞ்சதாரோவில் வீட்டுக் குளியலறையின் நீர், செங்கல் பதித்து மூடிய தெருச் சாக்கடையில் கலந்து ஓடிற்று. 1858-ஆம் ஆண்டுக் கோடையில், தேம்சு ஆற்றின் நாற்றம் தாங்காமல், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் திரைச்சீலைகளைச் சுண்ணக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டது. பின்னர் ஜோசப் பேசல்கெட் என்னும் பொறியாளரைக் கொண்டு, நகர் முழுவதற்கும் அடிநிலக் கால்வாய்களைக் கட்டிற்று. அங்கும் மலம் அள்ளிய கூலியாட்கள் இருந்தனர்; அவன் மகனும் பேரனும் அதையே செய்ய வேண்டும் என்று அங்கே எந்த மறைநூலும் விதிக்கவில்லை. கால்வாய் இல்லாத சிற்றூருக்கு இரட்டைக் குழிக் கழிப்பறை போதும். ஒரு குழி நிறைந்ததும் அதை மூடிவிட்டு, மற்றதைப் பயன்படுத்த வேண்டும். மூடியது ஓரிரு ஆண்டில் நாற்றமற்ற மண்போன்ற எருவாகிவிடும். குழிக்குள் இறங்கி வேலை செய்யும் எந்திரத்தை 2018-இல் கேரளத்து இளம் பொறியாளர்கள் இயக்கிக் காட்டினார்கள். நிலவுக்குக் கலம் அனுப்பும் நாட்டுக்குத் தெருக்குழிக்கு எந்திரம் அனுப்பத் தெரியாது என்றால், அதை அறிவின் குறை என்று ஏற்க முடியுமா? அது மனத்தின் குறை.

"எந்திரம் வந்தால் அவர்கள் பிழைப்புப் போகுமே" என்று இரக்கம் பேசுவோரும் உண்டு. உயிரைக் குடிக்கும் பிழைப்பைக் காப்பாற்றுவது இரக்கமாகாது. எந்திரத்தை ஓட்டும் வேலையையும், அதற்கான ஊதியத்தையும் முதலில் அவர்களுக்கே கொடுங்கள். பிள்ளைகளுக்குப் படிப்பைக் கொடுங்கள். 2009-இல் தமிழ்நாடு அரசு, ஆதி திராவிடருக்கான 18 விழுக்காட்டில் 3 விழுக்காட்டை அருந்ததியருக்கென உள்ஒதுக்கீடாகச் சட்டம் இயற்றித் தந்தது. துடைப்பம் பிடித்த தலைமுறையின் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள்ளும் பொறியியல் கல்லூரிக்குள்ளும் நுழைய அது வாயிலைத் திறந்தது. கால் கழுவும் விழாவைக் காட்டிலும் அந்தக் கதவு பெரிது. பாதங்களுக்கு நீர் ஊற்றினால் படம் கிடைக்கும். பாதைக்குக் கதவு திறந்தால் வாழ்வு கிடைக்கும்.

இது அரசுக்கு மட்டும் உரிய வேலையா? நம் வீட்டுக்கும் உரியது. நம் கழிப்பறையைக் கழுவ வருகிறவருக்கு எந்தக் குவளையில் தேநீர் தருகிறோம்? அவரை எந்தச் சொல்லால் அழைக்கிறோம்? நம்மைவிட மூத்தவரை ஒருமையில் விளிக்கிறோமா? நம் தொட்டி நிறைந்தால், எந்திர வண்டிக்குச் சொல்கிறோமா, குறைந்த கூலிக்கு ஆள் தேடுகிறோமா? பகுத்தறிவு மேடையில் கைதட்டிவிட்டு, வீட்டுக் கொல்லையில் மனுவை வைத்துக் கொண்டிருந்தால், நம் கைதட்டலுக்கு என்ன பொருள்?

முடிக்கும் முன் ஒரு காட்சியை நினைவூட்ட வேண்டும். தந்தை பெரியார் தம் இறுதி ஆண்டுகளில் சிறுநீர் இயல்பாகப் பிரியாமல் துன்புற்றார். குழாய் பொருத்தி, சிறுநீர் ஒரு கலத்தில் சேரும்படி செய்து, அந்தக் கலத்தையும் சுமந்து கொண்டே ஊர் ஊராகச் சென்றார். மறைக்கவில்லை; நாணவில்லை; ஓய்வெடுக்கவும் இல்லை. 1973 டிசம்பர் 19 அன்று சென்னைத் தியாகராயர் நகரில், 94 வயதில், இடையிடையே வலியால் துடித்துக் குரல் தடுமாற, அவர் பேசிய இறுதிப் பேச்சின் உயிர்நாடி, சூத்திரன் என்னும் இழிவு நீங்க வேண்டும் என்பதே. ஐந்து நாளில் மறைந்தார். சிறுநீர் ஏந்திய கலம் அவர் அருகில் இருந்தது. அதனால் அவர் தீட்டுப்படவில்லை. தீட்டு என்ற சொல்லைத்தான் அவர் தீயிலிட்டுப் போனார்.

அந்தச் சாம்பலிலிருந்து அது மீண்டும் எழாமல் காப்பது நம் கடன். நாளைக் காலையில் கால் கழுவி வரும்போது ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். உள்ளே, இருளில், ஓசையின்றி, சாதி கேளாமல், நம்மைத் தூய்மை செய்துவிட்டு, மீண்டும் வேலையைத் தொடங்கியிருக்கிறது நம் உடல். அது நம்மிடம் கூலி கேட்கவில்லை; நன்றியும் கேட்கவில்லை. தனக்குள் உயர்வு தாழ்வு இல்லாத ஓர் உடலைச் சுமந்துகொண்டு, அடுத்தவன் உடலைத் தீட்டு என்று சொல்லாதே என்று மட்டும் கேட்கிறது. அதைக்கூடச் செய்ய முடியாத நாம், எதனால் மனிதர்?